மாடி மிஸ் சொன்ன ஒரு அர்த்தம்

எழுதத் தெரியாமல்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறு. மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பால் வைத்ததையே மறந்துபோகிறவள் பழைய விஷயத்தை எழுத உட்கார்ந்தால் முன்னே பின்னேதான் வரும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவளுக்குக் காகிதம்தான் வசதி. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மிஸ்ஸைப் பற்றித்தான். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு சிவன் கோயிலுக்குப் பின்னால், ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரருடைய பரம்பரை நிலம் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்தது. பிறகு மனை போட்டு விற்றார்கள். அதற்குப் பிறகு அவர் மணல், ஜல்லி, ஹாலோ பிளாக் வியாபாரம் செய்தார். ஒரே பையன் கத்தாருக்கு வேலைக்குப் போனதும் மாடி எடுத்தோம். அதில் முதல் குடித்தனமாக வந்தவர் மிஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பதை ஒட்டிய வயது, கூட வயதான அம்மா. கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். நாவலூர்ப் பக்கம் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள்.

எங்கள் தெருவில் டேங்கில் தண்ணீர் தீர்ந்தால் மேலேயிருந்து "தண்ணி இல்ல, மோட்டார் போடுங்க" என்று சத்தம் வரும். மிஸ் சத்தம் போடமாட்டார். இறங்கி வந்து, வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, டேங்க் டிப்ளீட் ஆகிட்டு இருக்கு" என்பார். குழாயில் சொட்டுகூட வராதபோதும் அப்படியேதான் சொல்வார். ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்.

"தீந்துபோச்சுன்னு சொல்லேன் மிஸ்ஸு. அதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷு?"

"தீர்ந்துபோச்சுன்னா அதோட முடிஞ்சுது அண்ணா. இது குறையறது. குறையுதுன்னா இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அதுக்குத்தான் எத்தனை வார்த்தை வச்சிருக்கான் பாருங்க."

அன்றைக்குப் பிடித்தது அவர்கள் விளையாட்டு. சாயங்காலம் மிஸ் வகுப்பு முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போது வீட்டுக்காரர் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "இன்னா மிஸ்ஸு, இன்னிக்கு இன்னா கொறஞ்சிக்கினு கீது?" என்று ஆரம்பிப்பார். மிஸ் கைப்பையைத் தோளில் சரி செய்துகொண்டு ஒரு வார்த்தை சொல்வார். மழை விடுவதற்கு ஒன்று, வீக்கம் வடிவதற்கு ஒன்று, சத்தம் அடங்குவதற்கு ஒன்று, துணி துவைத்துச் சுருங்குவதற்கு ஒன்று. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் அவருக்குப் பொறுக்காது. சட்டை அளவு மாறிப்போனதுபோல முகம் சுளிப்பார்.

ஏரி பின்வாங்கிக் கரையை விட்டுத் தள்ளிப் போவதற்கு ரிசீட் என்று ஒரு வார்த்தை சொன்னார். வீட்டுக்காரருக்கு அது ரசீது என்று காதில் விழுந்தது. "ஏரி ரசீது குடுக்குதா? நம்ம நெலத்துக்குப் பாய்ச்சின தண்ணிக்கா? ரொம்ப லேட்டாக் குடுக்குது" என்றார். மிஸ் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். முன்னந்தலை வழுக்கை ஏறுவதற்கும் அதே வார்த்தைதான் என்று தெரிந்த பிறகு வீட்டுக்காரர் கண்ணாடியில் தலை வாரும்போதெல்லாம் "ரசீது ஏறிக்கினே போவுது மே" என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். நிலா தேய்வதற்கு வேன் என்று ஒரு வார்த்தை. நிலா வேனில் ஏறிப் போகிறதாக்கும் என்று அதற்கும் ஒரு கேலி. "தமிழ்ல இல்லாததா மிஸ்ஸு? கொழம்பு சுண்டும், ஏரி வத்தும், நெலா தேயும், ஆளு இளைப்பான்" என்று அவர் அடுக்க, மிஸ் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். "எல்லாத்துலயும் இன்னும் பாக்கி இருக்கு பாருங்க அண்ணா" என்றார்.

நான் சமையற்கட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே போய்ச் சிரிக்க எனக்கு வெட்கம்.

பேச்சில் மட்டும் அவர் அப்படி என்று நினைக்க வேண்டாம். சோப்பு தேய்ந்து சீவல் மாதிரி ஆனாலும் எறியமாட்டார், புது சோப்பின் முதுகில் அழுத்தி ஒட்டிவிடுவார். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே விரலை விட்டு வழிப்பார். வகுப்பில் மிஞ்சிய சாக்பீஸ் துணுக்குகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தன, பிடித்து எழுதக்கூட முடியாத துணுக்குகள். கஞ்சத்தனம் என்று தெருவில் சொன்னார்கள். கஞ்சத்தனம் இல்லை. எதையும் முடிந்தது என்று அவரால் கையை விட்டு விட முடியவில்லை.

அவருடைய அம்மா படுக்கையில் விழுந்த சமயம் எனக்கு அது சரியாக விளங்கியது. பாட்டியம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் தினமும் ஒரு புது இங்கிலீஷ் வார்த்தை சொல்வார். எனக்குப் புரியாவிட்டாலும் தலையாட்டுவேன். ஒருநாள் காலையில் இறங்கி வந்தார். கையில் பால் பாக்கெட். "அக்கா, கொஞ்சம் மேல வந்து பாக்கறீங்களா" என்றார். போய்ப் பார்த்தேன். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. எப்போது ஆனது என்று கேட்டேன். மிஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஊற்றிக்கொண்டே, "மூச்சு மெலிசாயிட்டே இருந்துது அக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காரியம் முடிகிறவரைக்கும் இறந்துவிட்டார் என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. குறைவதற்கு அத்தனை வார்த்தை வைத்திருந்தவரிடம் முடிந்ததற்கு ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இன்னொன்று எழுத வேண்டும், அதுதான் முக்கியம். என் நாத்தனார் பேத்திக்கு வண்டலூரில் கல்யாணம். மிஸ்ஸுக்கும் பத்திரிகை வைத்தோம். அம்மா போன பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "டிக்ளைன் பண்றேன் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். என்ன அது என்று என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன். நான் அவரிடம் அர்த்தம் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். "வேணாம்னு சொல்றது அக்கா. ஆனா மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லாம, மரியாதையா."

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. வாழ்நாளில் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் நான். பந்தியில் இலையை மூடுவதற்குள் இன்னொரு கரண்டி சோறு விழுந்தால் அதையும் சாப்பிட்டு எழுந்திருப்பேன். சீட்டு சேரச் சொன்னாலும் சேருவேன், புடவைக்காரர் பிரித்துப் போட்டுவிட்டால் வாங்கிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு மனசுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை கிடைத்தது. டிக்ளைன், டிக்ளைன் என்று உள்ளே சொல்லிக்கொண்டே வெளியே வாங்கிக்கொள்வேன். இங்கிலீஷில் எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். வீட்டுக்காரரிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்காரர் மிஸ்ஸோடு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, "ஏம்மே, உன் வார்த்தைக்கு ரெண்டு மூஞ்சியாம் மே. பொஸ்தகத்துல எது மொதல்ல போட்டுகீதோ அதான் பெரிய மூஞ்சின்னு மிஸ்ஸு சொல்லுது" என்றார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு மூஞ்சி எது என்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் மிஸ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். எல்லாம் செல்போனிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டது. அதற்கும் மிஸ் டிவிண்டில் என்று ஒரு வார்த்தை சொன்னார், வீட்டுக்காரர் அதைத் திண்டில் என்று பிடித்துக்கொண்டார். "கூட்டம் திண்டில் ஆயிப்போச்சா மிஸ்ஸு? திண்டுக்கல் பஸ்ல ஏறிப் போயிட்டாங்களா?" என்பார். மிஸ் சிரிப்பார், ஆனால் கைப்பையைச் சரி செய்துகொள்ளமாட்டார்.

அந்த ஐப்பசியில் வீட்டுக்காரருக்கு வயிறு உப்பிக் கால் வீங்கியது. ஈரல் கெட்டிருக்கிறது என்றார்கள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்த்த டாக்டர் வடக்கத்திக்காரர், நல்ல மனுஷர், ஆனால் தமிழ் அவருக்கு வராது. பையன் கத்தாரில். அதனால் மிஸ்தான் எங்களோடு வந்தார், வகுப்பைக்கூட விட்டுவிட்டு. டாக்டர் சொல்வதைக் கேட்டு எனக்குத் தமிழில் சொல்வார். நீர் எடுக்கப் போகிறார்கள், உப்பு சேர்க்கக் கூடாது, இந்த மாத்திரை காலையில். எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.

ஒருநாள் டாக்டர் கட்டிலண்டை நின்று நிறைய நேரம் பேசினார். மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவர் ஓரமாக ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேச்சின் நடுவில் என் வார்த்தை வந்தது. டிக்ளைன். இரண்டு தரம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இங்கிலீஷ் பேச்சில் எனக்குத் தெரிந்த ஒன்று. டாக்டர் போனதும் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"மிஸ், டிக்ளைன்னாரே, வேணாங்கறதுதானே? சாப்பாடு வேணாம்னு தள்ளிடறாரே, அதைத்தானே டாக்டர் சொல்றாரு?"

மிஸ் என்னைப் பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். வீட்டுக்காரர் கண்ணைத் திறந்துதான் இருந்தார்.

"ஆமாக்கா" என்றார் மிஸ். "அதைத்தான்."

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா மே. வேணாம்னு சொல்லிக்கினு கீறேன்ல, டாக்டரு கண்டுபுடிச்சிட்டாரு" என்றார். சிரித்தார்கூட. நானும் சிரித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் அல்லவா.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். தேறிவிட்டது, அதனால்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். சாப்பிட்டால் சரியாகிவிடும், சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறார். எனவே சமைத்தேன். உப்பில்லாத மீன் குழம்பு எப்படி இருக்கும் சொல்லுங்கள், அதையும் வைத்தேன். மிளகு ரசம், பாசிப்பருப்புக் கஞ்சி, பால் கொழுக்கட்டை. தட்டோடு போய் நிற்பேன். அவர் எனக்காக ஒரு வாய் வாங்கிக்கொள்வார். "இன்னிக்கு டிக்ளைன் பண்ணல மே, பாத்துக்க" என்பார். அந்த ஒரு வாய் உள்ளே போவதற்கு அவர் பட்ட பாடு இப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

பையன் போனில் கேட்டான். "இப்பவே லீவு போட்டுட்டு வரட்டாம்மா, இல்ல பொங்கலுக்கு வரட்டா? ரெண்டு தரம் குடுக்க மாட்டான்." டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்டான். "ஒண்ணுமில்லடா, சாப்பாடு வேணாம்னு அடம், அவ்ளோதான். டாக்டரே சொல்லிட்டாரு. பொங்கலுக்கே வா" என்றேன். திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் மிஸ். பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் பேசியது அவ்வளவும் கேட்டிருக்கும். ஏதோ சொல்ல வருகிறவர்போல ஒரு படி இறங்கினார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

இதைத்தான் நான் மறக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த ஒரு படி மறக்கவில்லை.

சாயங்காலம் மிஸ் இறங்கி வந்து கட்டிலண்டை நிற்பார். வீட்டுக்காரர் குரல் கம்மிப்போயிருந்தது. அப்போதும் விடவில்லை.

"இன்னா மிஸ்ஸு, இன்னிக்கு இன்னா கொறஞ்சிக்கினு கீது?"

"ஒண்ணுமில்லை அண்ணா" என்றார் மிஸ்.

"பொய்யி" என்றார் அவர். "நல்லா வார்த்தை கத்துக் குடுத்துட்டு, இப்போ ஒண்ணுமில்லன்ற."

மிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வழக்கமான விளையாட்டாகத்தான் பட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மார்கழி பிறந்ததும் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

பையன் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். மகன் அப்பா முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இவ்வளவு இளைத்தது எப்போது என்று யாரையும் பார்க்காமல் கேட்டான். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டான். சொன்னேன். அதற்கு அர்த்தம் இது என்று மிஸ்ஸும் ஒத்துக்கொண்டார் என்றும் சொன்னேன்.

"வேணாம்னு சொல்றதுக்கும் அந்த வார்த்தைதாம்மா. ஆனா டாக்டர் சொன்னா, ஆள் இறங்கிட்டே போறாருன்னு அர்த்தம். இனிமே ஏறாதுன்னு அர்த்தம்."

அப்போதுதான் எனக்கு அப்பளமும் காய்ந்த எண்ணெயும் ஞாபகம் வந்தன. இரண்டு மூஞ்சி. வீட்டுக்காரருக்கு இரண்டும் தெரியும். ஏரிக்கரையில் மிஸ்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டருக்குத் தெரிந்தது, மிஸ்ஸுக்குத் தெரிந்தது, படுத்துக் கிடந்தவருக்கும் தெரிந்தது. ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பையன் மாடிக்குப் போனான். கீழே நான் உட்கார்ந்திருந்தேன். அவன் குரல் மட்டும் கேட்டது, மிஸ் குரல் கேட்கவே இல்லை. இறங்கி வந்து, "அவங்க ஒரு வார்த்தை பேசலம்மா" என்றான். அடுத்த வாரம் கத்தாருக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறமும் மிஸ் சில மாதம் இருந்தார். நானும் அவரும் மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவோம். டேங்கில் தண்ணீர் தீர்ந்தால் அவர் வந்து சொல்லமாட்டார். நானே மோட்டார் போட்டுவிடுவேன். வகுப்பில் ஒருத்தரும் வராமல் போய், நாவலூரில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அனுப்பினார். சாமானெல்லாம் ஒரு குட்டி யானை வண்டிக்குள் அடங்கிவிட்டது. கிளம்புகிற நேரம் கேட்டண்டை வந்து நின்றார், வீட்டுக்காரர் நாற்காலி போடுகிற இடத்தில். மிஸ் போனால் இனிக் கேட்க முடியாது என்று நான் வெளியே வந்தேன்.

"மிஸ், அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமாமே?"

"ஆமாக்கா. ரெண்டும் உண்டு."

"அன்னைக்கு டாக்டர் சொன்னது எது?"

அவர் கைப்பை வாரைத் தோளில் சரி செய்தார். "நீங்க சொன்னதும் அதுக்கு அர்த்தம்தான் அக்கா" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. வண்டி கிளம்பிவிட்டது.

மாடியைக் கழுவப் போனேன். குளியலறை மாடத்தில் ஒரு சோப்பு, அதன் முதுகில் இன்னொரு சோப்பின் சீவல் ஒட்டியபடி இருந்தது. எடுத்துப் போட மனசில்லை. இன்றைக்கும் அங்கேதான் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

அவர்மேல் கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் இன்னொரு மூஞ்சியைக் காட்டியிருந்தால் அந்த நாட்களில் நான் அழுதுகொண்டே இருந்திருப்பேன், கொழுக்கட்டை செய்திருக்க மாட்டேன், வீட்டுக்காரரும் சிரித்திருக்க மாட்டார். என் பையன் அப்பாவை உயிரோடு பார்த்திருப்பான். இரண்டையும் எடை போட்டால் ஒரு நாள் ஒரு பக்கம் தாழ்கிறது, இன்னொரு நாள் மற்ற பக்கம். மகன் இப்போது பொங்கலுக்கு வருவதில்லை.

இதில் ஊர், மாதம், யார் முதலில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் முன்பின்னாக இருக்கும். தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் பெரிய இங்கிலீஷ் அகராதி வைத்திருப்பவர்கள் டிக்ளைன் என்ற வார்த்தையை எடுத்துப் பாருங்கள். எது முதலில் போட்டிருக்கிறதோ அதுதான் பெரிய அர்த்தம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வது என்பது முதலில் இருந்தால் எனக்கு அவசியம் தெரியப்படுத்துங்கள். மற்றது முதலில் இருந்தால் சொல்ல வேண்டாம். இதுவரை மனசுக்குள்ளேயே சொல்லிவந்ததை இந்த ஒருமுறை வெளியில் சொல்லிவிடுகிறேன். டிக்ளைன்.